இரண்டு முறை வெட்டிய துண்டு

"ரெண்டு தபா வெட்டினாதாம்பா அது வேலைக்கு ஆவும்."

காஞ்சிபுரத்திலிருந்து சென்னை போகும் பேருந்தில், என் முன் இருக்கையில், என் மகள் வயதுப் பெண் ஒருத்தி ஆராய்ச்சிப் படிப்பின் நேர்முகத் தேர்வுக்காக அப்பாவிடம் ஒப்பித்துக்கொண்டு வந்தாள்.

"இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. மொதல்ல நீளமா உருவாகி மடங்கிக்குது. செல்லோட உட்கருவுக்குள்ள ஒரு வெட்டு, வெளிய வந்து இன்னொரு வெட்டு. கடைசில குட்டித் துண்டுதான் மிஞ்சுது."

"அவ்ளோ வெட்டு வாங்கி இன்னா செய்யுது?"

"அது புரோட்டீன் எதுவும் செய்யாது. மத்த ஆர்.என்.ஏ. செய்யறத நிறுத்தும்."

"உங்கம்மா மாதிரின்னு சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. "சீட் கெடச்சா, ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வர்றவங்கள நிறுத்துவியாபா?"

அவர் சன்னல் பக்கம் திரும்பினார்.

"கெடச்சா இன்னா, கெடைக்காட்டி இன்னா? ஸ்ரீபெரும்புதூர்ல வண்டி நின்னதும் போன் போட்டு வேணாம்னு சொல்லிட்றேன். நீ அந்த ரெண்டாவது வெட்ட இன்னொரு தபா சொல்லு."