அறுநூறு வாட் இரைச்சல்

— வில்கின், அதை அணைடா. மூணாவது தடவை ட்ரிப் ஆயிடுச்சு. தோன்யா மிலேடிஸ் தலை முழுக்க ரோலரோட ஈரம் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருக்காங்க.

— கொஞ்ச நேரம் அக்கா. இப்பத்தான் மறுபடி ஆன் பண்ணினேன்.

— காலையிலேர்ந்து இதையேதான் சொல்றே. சனிக்கிழமைடா. இந்த சந்தியாகோவுல எவளாவது இன்னிக்கு ரோலர் சுத்தாம இருப்பாளா? ரெண்டு பேரு வாசல்லயே பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க.

— ட்ரையரும் கம்ப்யூட்டரும் ஒண்ணா ஓடினா நம்ம வயரிங் தாங்காது. நான் என்ன பண்ண?

— முன்னாடி தாங்கிச்சே. நான் இங்க தலை காய வைப்பேன், நீ உள்ள பொம்மை வரைவே. ஒரு சண்டை உண்டா?

— அது பழைய கிராபிக்ஸ் கார்டு. நூத்தம்பது வாட். இது அறுநூறு. இப்ப வர்ற பெரிய கார்டு எல்லாமே இப்படித்தான் தின்னுது. ஆனா வேலையை நாலு மடங்கு சீக்கிரமா முடிச்சிடும், தெரியுமா?

— சீக்கிரம் முடிக்கிறது ஏன்டா ராப்பகலா ஓடுது?

— மகளே யுதெர்கா, என்னை மறந்துட்டியா? சூடு பட்ட தலை இது. இந்த ஈரத்துல காத்து பட்டுச்சுன்னா வாய் ஒரு பக்கமா இழுத்துக்கும். என் நாத்தனாருக்கு அப்படித்தான் ஆச்சு. இன்னிக்கும் சூப் குடிச்சா பாதி மடியிலதான்.

— ஜன்னலைச் சாத்திக்குங்க தோன்யா. துண்டை எடுத்துடாதீங்க. இதோ வந்துடறேன்.

— ஸ்பெயின்காரனுக்கு அப்படி என்னதான் வேலை செய்யறான் உன் தம்பி? உங்கம்மா தெருவெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்குக் காது புளிச்சுப் போச்சு.

— கேட்டியாடா? ஊரே கேக்குது. போன மாச பில்லைப் பாத்தியா? ஒரு அளவு யூனிட்டைத் தாண்டிட்டா மொத யூனிட்டுலேர்ந்தே மேல் விலை போடறான். கடையில வர்றது மொத்தமும் அதுக்கே போகுது. அந்த ரூமுக்கு ஏசி வேற.

— ஏசி இல்லேன்னா உள்ள உட்கார முடியாது. அடுப்பு மாதிரி கொதிக்குது.

— சரி. ஸ்பெயின்காரன் காசு எப்போ வரும்? உன்னைத்தான் கேக்கறேன். எப்போ வரும்?

— மெதுவாப் பேசு. ட்ரிப் ஆனப்பவே அம்மா உள்ளேர்ந்து கூப்பிட்டா, ஏன்டா சத்தம் நின்னு போச்சுன்னு.

— பேச்சை மாத்தாதே. எங்கே, திரையைக் காட்டு. உன் படம் எங்கடா?

— அது பின்னாடி ஓடும். கண்ணுக்குத் தெரியாது.

— எனக்கு முடி வெட்டத்தான் தெரியும். ஆனா பொய் சொன்னா உன் காது எப்படிச் செவக்கும்னு அதைவிட நல்லாத் தெரியும்.

— அவங்க என்னை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க அக்கா. ஈஸ்டர் புனித வாரத்துக்கு முன்னாடியே.

— அப்போ இது யாருக்கு ஓடுது?

— யாருன்னு தெரியாது. இன்டர்நெட்டுல மணிக்கணக்குல வாடகைக்கு விட்டிருக்கேன். எங்கயோ இருக்கிற ஒருத்தன் அவனோட வேலையை இதுல ஓட்டிக்கிறான்.

— அவன் தர்றது?

— கரண்டுக்குப் பாதிகூடக் காணாது.

— பைத்தியமாடா உனக்கு? வித்துத் தொலைக்க வேண்டியதுதானே.

— அம்மாகிட்ட என்ன சொல்ல? அப்பாவோட கொக்கோத் தோட்டத்தை வித்துல்ல வாங்கிக் கொடுத்தா. அணைக்கவும் பயமா இருக்கு. சும்மா வெச்சிருந்தா கார்டோட ஃபேன் சுத்தாது. பாரம் ஏத்தினாத்தான் இப்படி இரையும்.

— இரையட்டும்னுதானா வாடகைக்கு விட்டே?

— அப்பா போனதுக்கப்புறம் அம்மா கட்டிலை விட்டு எழுந்திருக்கலையே, ஞாபகம் இருக்கா? இது ஓட ஆரம்பிச்ச அன்னிக்குத்தான் எழுந்து வந்து காபி போட்டா. வேலை போனதும் கொஞ்ச நாள் அணைச்சு வெச்சிருந்தேன். மறுபடியும் சுவத்தைப் பாத்துப் படுத்துட்டா.

— வயித்து வலின்னாளே.

— உன்கிட்ட அப்படிச் சொன்னா. என்கிட்ட, ஸ்பெயின்காரங்க கோவிச்சுக்கிட்டாங்களாடான்னு கேட்டா. இல்லம்மா, லீவுன்னு சொல்லிட்டு அன்னிக்கே ஓட விட்டேன்.

— எத்தனை நாளைக்குடா இப்படி?

— தெரியலை. அதை யோசிக்கிறதே இல்லை.

— கடையும் போயிடும். அப்புறம் சோத்துக்கு என்ன பண்றது?

— தெரியுது. நீ ஒரு வார்த்தை சொல்லு அக்கா, இப்பவே அணைச்சிடறேன். அம்மாகிட்ட நானே போய்ச் சொல்றேன்.

— என்ன மகளே, உள்ள ரெண்டு பேரும் குசுகுசுன்னு? உன் தம்பிக்கு வேலை முடிஞ்சுதா இல்லியா? நான் ட்ரையருக்குள்ள தலையை விடலாமா?

— அதுல கை வைக்காதேடா. இல்லீங்க தோன்யா. அவனுக்கு இன்னும் நிறைய வேலை கெடக்கு. ட்ரையர்தான் எரிஞ்சு போச்சு. இனிமே எல்லாரும் எதிர்த்தெரு ராமோனா கடைக்கே போயிடுங்க.