ஆறப்போட்ட கடிதங்கள்

— ரெண்டுல எது கனம் ஜாஸ்தி?

— கனமா? அண்ணே, இது மெயில் பாக்கற புரோகிராம். தூக்கிப் பாத்து வாங்க இது என்ன மோட்டாரா?

— எதுக்கும் ஒரு எடை இருக்கும், கேட்டுக்க. இந்தப் பழைய இரும்பு யார்டுல எடையே இல்லாத சாமான் உன் வீட்டுக்காரன் பேச்சு ஒண்ணுதான்.

— அவரை இழுக்காத. சரி, கனம்தானே வேணும்? பறவைப் படம் போட்டது சின்னது. நீலப் பெட்டிப் படம் போட்டது அதைவிட நாலு மடங்கு.

— அப்ப நீலப் பெட்டிதான் நல்ல சாமான். கனம் இருந்தா உள்ள செம்பு இருக்கும்.

— உள்ள காலண்டர்தான் இருக்கு. என்னிக்கு யாரைப் பாக்கணும்னு அதுவே ஞாபகப்படுத்தும்.

— காலண்டரு சுவத்துல தொங்குது. டயர் கடைக்காரன் குடுத்தது. யாரைப் பாக்கணுமோ அவனே வாசல்ல வந்து கத்துவான். வேற?

— நீலப் பெட்டிக்கு வருசா வருசம் காசு கட்டணும். பறவை இனாம்.

— இனாமாக் குடுக்கறவன் உள்ள எதையாவது உருவிட்டுத்தான் குடுப்பான். போன வருசம் ஒருத்தன் பம்புசெட்டை ஓசியில எடுத்துக்கன்னான். திறந்து பாத்தா செங்கல்லு.

— இதுல செங்கல் இல்லண்ணே. நான் ரெண்டு வாரமா ரெண்டையும் வீட்டுக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டேன். பறவையில தேடறது சுலபம். தேவையில்லாத மெயிலு வந்தா அதுவே குப்பைன்னு பிரிச்சுத் தனியாப் போட்டுடும்.

— தானாப் பிரிக்குமா?

— தானாப் பிரிக்கும்.

— தகரத்தையும் அலுமினியத்தையும் பிரிக்கறதுக்கு நம்ம ஆளுங்க வருசக்கணக்கா கை கிழிஞ்சு கத்துக்கிட்டாங்க. இது வந்த அன்னிக்கே பிரிச்சிடுமாக்கும். நல்ல சாமானைக் குப்பையில தள்ளிட்டா?

— எடுத்துப் பாத்துக்கலாம். குப்பையில இருந்து எடுக்கறது நமக்குப் புதுசா?

— அது சரி. ஆனா கேட்டுக்க பாப்பா, இப்ப இருக்கற பழசுக்கு என்ன குறைச்சல்?

— என்ன குறைச்சலா? காலையில அதை அமுக்கிட்டு நான் ஆபீசைக் கூட்டி, தண்ணி புடிச்சு, மேசையைத் துடைச்சுட்டு வந்து உக்கார்ற வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கும். பித்தளை விலைப்பட்டியலைத் தேடுன்னா எவன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையையோ எடுத்து நீட்டும். செஞ்ச கம்பெனிக்காரனே அதைக் கைவிட்டுட்டான்.

— செஞ்சவன் கைவிட்டதைத்தானே நாம வாங்கிப் பொழைக்கறோம்.

— பேச நல்லாத்தான் இருக்கு. நீ சாயங்காலம் வந்து அரை மணி நேரம் தட்டிட்டுப் போற. மீதிப் பொழுதெல்லாம் அதோட மாரடிக்கறது நான்.

— சரி, கோவிக்காத. ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். அதுக்கு எது ஒத்து வருதோ அதைப் போட்டுக்க. நான் குறுக்க நிக்கல.

— கேளு.

— அனுப்புங்கறதை அமுக்கினா உடனே போயிடுமா?

— ரெண்டுலயுமே கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும்.

— அப்ப ரெண்டும் வேண்டாம்.

— என்னது?

— அமுக்கினா போகாம இருக்கற மாதிரி ஒண்ணு பாரு.

— அண்ணே, வெயில்ல ரொம்ப நேரம் நின்னியா?

— நீலப் பெட்டிக்காரன் காசு வாங்கறானே, அதுல கொஞ்சம் தாமதம் கீமதம் பண்ண வழி இருக்கா?

— இருக்கு. அனுப்பின பிறகு பத்து விநாடி புடிச்சு வச்சிருக்கும். மனசு மாறினா நிறுத்திக்கலாம்.

— பத்து விநாடியில எந்த இரும்பு ஆறும்?

— இதுல இரும்பு எங்க வந்துச்சு?

— கதவைச் சாத்து. உன் வீட்டுக்காரன் எங்க?

— வெளிய பாய்லரை வெட்டிட்டு இருக்கார். அந்தச் சத்தத்துல பக்கத்துல இடி விழுந்தாலும் அவருக்குக் கேக்காது. சொல்லு.

— வெட்டின துண்டை உடனே கையில எடுப்பியா?

— தோலு உரிஞ்சிடும். ஓரமாப் போட்டு ஆற விட்டுத்தான் எடுக்கணும்.

— கடுதாசியும் அப்படித்தான். கோபம் வந்தா நான் எழுதுவேன். நல்லா உறைக்கற மாதிரி எழுதுவேன். எழுதி முடிச்சுட்டு நெட்டு ஒயரைப் புடுங்கிட்டு, அனுப்புன்னு அமுக்குவேன். போக வழியில்லாம அது அனுப்பற பெட்டியிலயே நிக்கும். ஆறட்டும்னு விட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவேன்.

— ஒயரைப் புடுங்கறது நீயா?

— மெதுவாப் பேசு.

— சாயங்காலம் ஆனா நெட்டு போயிடுதுன்னு அந்த நெட்டுக்காரனை நான் திட்டாத திட்டு இல்ல. அவன் கம்பத்துல ஏறிப் பாத்தான், கூரையில ஏறிப் பாத்தான், கடைசியில எலி கடிக்குதுன்னு சொல்லிட்டுப் போனான். நான் எலி மருந்து வாங்கி வச்சேன்.

— எலி செத்துச்சுல்ல?

— செத்துச்சு. பாவம், அது அந்த ஒயரைத் தொட்டதே இல்ல.

— விடு. வேற எதையாவது தொட்டிருக்கும்.

— ஏன் அண்ணே, எழுதினதை வரைவுன்னு ஒரு இடம் இருக்கே, அதுல போட்டு வச்சா ஆறாதா?

— ஆறாது. அனுப்புன்னு அமுக்கற அந்த ஒரு தட்டுலதான் நெஞ்சுல இருக்கறது இறங்குது. வரைவுல வச்சா இங்கயே நிக்குது. சோறு இறங்க மாட்டேங்குது.

— மறுபடி ஒயரைச் சொருகினா போயிடுமே.

— போகாது. அதுதான் பழசோட அருமை. ஒரு தடவை நின்ன மெயிலை நாமளா தட்டி எழுப்பினாத்தான் போகும்.

— அது அருமை இல்லண்ணே. கோளாறு.

— என்னவோ ஒண்ணு. இந்த யார்டு இத்தனை வருசமா அடிதடி இல்லாம ஓடுதுன்னா அந்தக் கோளாறாலதான்.

— இப்ப எத்தனை ஆறிட்டு இருக்கு?

— எண்ணல. ஆறினதும் அழிச்சிடணும்னுதான் நினைப்பேன். ஆறினா மறந்துடுது.

— யார் யாருக்கு?

— வரி ஆபீசுக்கு ஒண்ணு.

— அடப் பாவமே. அதுல என்ன?

— ‘உங்க ஆபீசுல வேலை செய்யறது மேசை நாற்காலி மட்டும்தான், அதையும் எடைக்குப் போடுங்க, வண்டி அனுப்பறேன்’னு.

— அப்புறம்?

— கிரேன் வாடகைக்கு விடறானே, அவனுக்கு ஒண்ணு. கொஞ்சம் நீளம். அதை எழுதத்தான் முடியும், வாயால சொல்ல முடியாது.

— அப்புறம்?

— உன் வீட்டுக்காரனுக்கு ஒண்ணு.

— அவருக்கு என்ன எழுதின?

— ஆறிடுச்சு, விடு.

— என்ன எழுதின?

— செம்புக் குழாயையும் இரும்பையும் ஒரே குவியலாப் போட்டான்ல, அன்னிக்கு எழுதினது. ‘உன்னை மாப்பிள்ளையா எடுத்ததுக்கு ஒரு கிரேனை எடுத்திருக்கலாம், அது சொன்ன இடத்துல இறக்கும்’னு.

— நான் இதைக் கேக்கவே இல்லைன்னு வச்சுக்கறேன். அவ்வளவுதானா? முகம் ஏன் இப்படிப் போகுது?

— எடைமேடைக்காரம்மாவுக்கு ஒரு நாலஞ்சு.

— அது என்ன அதிசயம். வாரத்துக்கு ரெண்டு தடவை அந்தம்மாகூட மல்லுக்கட்டிட்டுத்தானே வர்ற.

— பின்ன? ஒரே வண்டி, ஒரே சரக்கு. மேடையில ஏத்தினா ஒரு எடை சொல்லுவாங்க. ‘சரியா விழல, இறக்கி ஏத்துங்க’ம்பாங்க. ஏத்தினா வேற எடை. மறுபடி இறக்கி ஏத்தினா முதல்ல சொன்ன எடையே வரும். வேற எவன் வண்டிக்கும் இப்படி இல்ல. ஏன்னு கேட்டா சிரிக்கறாங்க. ‘தராசுக்குத்தான் கண்ணு இல்ல, உங்களுக்குமா இல்ல’ன்னு எழுதினேன். அதுதான் இருக்கறதுலயே மென்மையானது.

— திட்டுதானே. போனாப் போகட்டும்.

— திட்டு இல்லாததும் ஒண்ணு இருக்கு.

— அந்தம்மாவுக்கா?

— போன மாசம் மழையில வண்டி சேத்துல வழுக்கிட்டுப் பின்னாடி போச்சு. அந்தம்மா குடையைத் தூக்கிப் போட்டுட்டு, நனைஞ்சுகிட்டே ஓடி வந்து சக்கரத்துக்குக் கட்டை வச்சாங்க. ஆளை ஏவல. சொந்தக் கையால வச்சாங்க. அன்னிக்குச் சாயங்காலம் எழுதினேன்.

— என்னன்னு?

— சிரிக்கக் கூடாது.

— சிரிக்கல.

— ‘நான் ஒண்டி ஆளு. நீங்களும் அப்படித்தான்னு கேள்வி. வீடு சொந்தம், தளம் போட்டது. கை கறுப்பாத்தான் இருக்கும், கழுவினாலும் போகாது. கோபம் வரும், ஆறிடும். சம்மதமா?’

— அண்ணே.

— சிரிக்கற.

— சிரிக்கலண்ணே. இதை எதுக்கு ஆறப்போட்ட? இதுல கோபம் எங்க இருக்கு?

— கோபத்தைவிட இது ஜாஸ்தி சுட்டுச்சு. இன்னும் ஆறல. வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னா அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வண்டி ஏத்தப் போவேன்? இந்தப் பக்கத்துல வேற எடைமேடையும் கிடையாது. அதான் சொல்றேன், மாத்தாத. மாத்தியே ஆகணும்னா நான் உக்காந்து ஒவ்வொண்ணா அழிச்சுட்டுச் சொல்றேன், அப்புறம் பறவையோ பெட்டியோ எதையாவது போட்டுக்க.

— அண்ணே, இப்ப உன் முன்னாடி திறந்திருக்கறது எது?

— பழசு. சாம்பல் கலரு, இடது கைப் பக்கம் பெட்டிங்க.

— அது பழசு இல்ல.

— பின்ன?

— பறவை. நீ கண்டுபுடிச்சுக் கத்தக் கூடாதுன்னு பழசு மாதிரியே கலர் மாத்தி வச்சிருக்கேன். காலையில நீ டீ குடிக்கப் போனப்பவே மாத்திட்டேன்.

— அப்ப இவ்வளவு நேரம் எது நல்லது, எது கெட்டதுன்னு என்கிட்டக் கேட்டது?

— ஒரு மரியாதைக்கு.

— அந்தப் பெட்டியில நின்னதெல்லாம்?

— ஒண்ணு விடாம இங்க கொண்டு வந்துட்டேன். பழசுல இருக்கற அத்தனையையும் தானே எடுத்துக்கும்னு போட்டிருந்தான். அதுக்காகத்தான் பறவையையே புடிச்சேன்.

— கொண்டு வந்து?

— திறந்ததும் கீழ பச்சையா ஒரு கோடு ஓடுச்சு. அனுப்புது, அனுப்புதுன்னு காட்டுச்சு. பரவாயில்லையே, வந்த அன்னிக்கே வேலையைத் தொட்டுடுச்சேன்னு நினைச்சுக்கிட்டேன்.

— ஒயரைப் புடுங்கு.

— இப்பப் புடுங்கி? காலையிலேயே போயாச்சு.

— எந்த வரிசையில போச்சு?

— புதுசு முதல்ல, பழசு பின்னால.

— அப்ப முதல்ல சம்மதமான்னு கேட்டுட்டு...

— மறு விநாடியே கண்ணு இல்லையான்னு கேட்டிருக்க. அதுக்கும் பின்னால இன்னும் மூணோ நாலோ.

— நான் ஊரை விட்டுப் போறேன். யார்டை நீயும் உன் வீட்டுக்காரனும் பாத்துக்குங்க. குவியலைப் பிரிச்சுப் போடச் சொல்லு.

— உக்காரு. கதவைத் தட்டறாங்க, அவருதான். மூஞ்சியைத் துடை.

— மச்சான், உள்ள வரலாமா?

— மாப்ளே. நான் அனுப்பினதைப் படிச்சுட்டியா?

— இப்பத்தான் கையைத் துடைச்சுட்டு போனைப் பாத்தேன். அது கெடக்கட்டும். கிரேன்காரன் வாசல்ல நிக்கறான்.

— கையில கம்பி எதுவும் வச்சிருக்கானா?

— கர்சீப்தான் வச்சிருக்கான். கண்ணைத் துடைச்சுக்கறான். பொறந்ததுல இருந்து அவனைப் பத்தி யாரும் இவ்வளவு நீளமா எழுதினதே இல்லையாம்.

— அண்ணே, இங்க பாரு. வரி ஆபீசுல இருந்து பதில் வந்திருக்கு. ‘தங்கள் விலைப்புள்ளி கிடைக்கப்பெற்றது. மேசை நாற்காலிகளுடன் இரும்பு அலமாரிகளும் உள்ளன. கிலோவுக்கு என்ன தருவீர்கள் என்று தெரிவிக்கவும்.’

— விளையாடாத.

— முத்திரையோட வந்திருக்கு. வேணும்னா நீயே பாரு.

— மாப்ளே, உனக்கு என்மேல வருத்தம் இல்லையே?

— எதுக்கு மச்சான்? கிரேனை மாப்பிள்ளையா எடுத்திருந்தா டீசல் நீங்கதான் ஊத்தியிருக்கணும். எனக்கு ரெண்டு வேளை சோறு போதும். அது கெடக்கட்டும். நான் சொல்ல வந்தது எடைமேடைக்காரம்மா விசயம்.

— என்ன விசயம்?

— பாய்லரைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு நடை வண்டியை ஏத்திட்டு வந்தேன்ல. சீட்டைக் குடுத்துட்டு அந்தம்மா போனைப் பாக்கறாங்க, நம்ம வண்டியைப் பாக்கறாங்க, மறுபடி போனைப் பாக்கறாங்க. உடம்புக்கு முடியலையோ என்னவோ.

— எத்தனை தடவை இறக்கி ஏத்தின?

— ஒரே தடவைதான்.

— இன்னிக்கு மட்டுமா?

— நான் ஓட்டிட்டுப் போனா என்னிக்குமே ஒரே தடவைதான் மச்சான். ஏன், உங்களுக்கு எப்படி?

— அண்ணே. மணி அடிச்சுது கேட்டியா? எடைமேடையில இருந்து மெயிலு.

— திறக்காத. ஆறட்டும். ஒரு வாரம் ஆறட்டும்.

— வர்ற மெயிலை ஆறப்போட இதுல வழி இல்லண்ணே. படிக்கறேன்.

— மெதுவாப் படி.

— ‘எங்க தராசுலயும் கோளாறு இல்ல, என் கண்ணுலயும் கோளாறு இல்ல, முதல்ல சொல்ற எடைதான் என்னிக்கும் சரியான எடை, இறக்கி ஏத்தற வரைக்கும்தான் நீங்க இங்க நின்னு சண்டை போடுவீங்கன்னு ரெண்டாவது எடையை வேணும்னே தப்பா சொல்லிட்டு இருந்தேன், நாளைக்கு வண்டி இல்லாம வாங்க.’