தவக்காலத்துத் தபால்

கடிதம் வாங்கி வைப்பது பெரிய வேலையில்லை, சாமி. நம்பகமான ஆள் ஒருத்தி வேண்டும், அவ்வளவுதான். பிரான்சில், பிரித்தானி மடத்தில் இருபத்திரண்டு வருஷம் அந்த ஒருத்தி நான். மற்ற சகோதரிகள் மடத்துச் சுவருக்குள்ளேயே அடைபட்டு வாழ்பவர்கள், வெளியே வராதவர்கள். வாசல், சந்தை, தபால் எல்லாம் என் பொறுப்பு. தவக்காலம் முழுக்க எந்தக் கடிதமும் உள்ளே போகாது. வாசல் பெட்டியில் கிடந்து, தவக்காலம் முடிந்து பாஸ்கா திருநாள் அன்றுதான் மடத்துத் தலைவி மதர் ஒக்டாவி கைக்குப் போகும். அவசரமானதை மட்டும் உடனே கொடுக்கலாம். எது அவசரம் என்று முடிவு செய்வதும் நான்தான்.

அந்த வருஷம் மடங்களை மூடச் சொல்லிச் சட்டம் வந்துவிட்டது. பாஸ்கா முடிந்ததும் மடத்தைக் காலி செய்துவிட்டு பெல்ஜியம் போக வேண்டும். தவக்காலம் மூன்றாம் வாரம் அரசாங்க முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. கொதிக்கும் பானை ஆவியில் காட்டிப் பிரித்தேன். எழ முடியாத கிழவிகள் மடத்திலேயே இருந்துகொள்ளலாம், பணிவிடைக்கு ஒருத்தி உடன் இருக்கலாம், இருபது நாளுக்குள் மனுப் போட வேண்டும் என்று எழுதியிருந்தது. எங்களிடம் அப்படி மூன்று பேர்.

அந்த ஒருத்தி யார் என்று அறிய சாஸ்திரம் படிக்க வேண்டியதில்லை. இரண்டு முழங்காலும் போய்விட்டன. இன்னும் பத்து வருஷம் மலச்சட்டி தூக்க என்னால் ஆகாது. அலுத்துவிட்டது, சாமி. கடிதத்தை மறுபடி ஒட்டி, வாசல் பெட்டியிலேயே போட்டேன். குடும்பம் பிரியாமல் போவது நல்லதுதானே.

பாஸ்கா அன்று அதைப் படித்த மதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கெடு முடிந்து ஒரு வாரம்.

"விடு, பெரீன். உம்மேல தப்பில்ல. இந்த ஒழுங்க வச்சுக்கிட்டது நாமதானே" என்றார்.

அந்த மூவரில் சகோதரி யூலாலிக்கு எண்பத்து மூன்று வயது. அறுபது வருஷமாக வாசல் தாண்டாதவர். மழையில் மெத்தையோடு வண்டியில் ஏற்றினார்கள்.

"ஏன்டி பெரீன், என்னை எங்கடி கொண்டுபோறீங்க? ஜெப மணி அடிச்சிருப்பாங்கடி."

ரயிலடி வரை இதையே கேட்டுக்கொண்டு வந்தார். எல்லை தாண்டுமுன் மூச்சு நின்றது. மற்ற இருவரும் ஒரு மாதம் தாங்கவில்லை. மூன்று பேர் கண்ணையும் மூடியது நான்தான். அழுதேன், பொய் சொல்லவில்லை.

தெரிந்தேதான் செய்தாயா என்று கேட்டீர்கள். ஒழுங்கை மீறாதவள் நான். அரசாங்கக் கடிதம் வந்த அதே தபாலில் வந்த இன்னொரு கடிதத்தை மட்டும் அவசரம் என்று அன்றைக்கே உள்ளே கொடுத்தேன். எத்தனை கட்டில் போட வேண்டும் என்று பெல்ஜியத்து மடம் கேட்டிருந்தது. எனக்கும் ஒன்று சேர்த்து எழுதச் சொன்னேன்.