தொழுகைக் கதிரை

நோன்பு காலம். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"நீங்க குந்தித் தொழுற கதிரைய ஏன் ராத்தா பக்கத்து வீட்டுக்குக் குடுத்தீங்க?" என்றாள் இளையவள்.

"இனி எனக்கென்னத்துக்கு? யூடியூப்ல ஒரு பொம்புள பாய்ஞ்சு பாய்ஞ்சு உடற்பயிற்சி காட்டுறா. வாசக்கதவப் பூட்டிட்டு நானும் பாய்ஞ்சன்."

"இந்த முழங்காலோடயா?"

"ஓம். மொத நாள் மூச்சு வாங்கிப் பாயில சரிஞ்சிட்டன். எங்கட அவர் பயந்து தண்ணி தெளிச்சார்."

"மெலிஞ்ச மாதிரித் தெரியல்லியே."

"மெலியல்லதான். ஆனா நேத்து ராவு தராவீஹ் முழுக்க நிண்டு தொழுதன். சுஜூதுல நெத்தி நிலத்துல பட்டுது புள்ள!"

சாய்ந்தமருதில் கைக்குழந்தையோடு ஒருத்தி ஏறினாள். ராத்தா எழுந்து இடம் கொடுத்தார். அக்கரைப்பற்று வரை கம்பியைப் பிடிக்காமலே நின்றார்.