தமிள் வாள்க

கனடாவின் அஜக்ஸ் நகரிலிருந்து புறப்பட்ட ரயிலில், எதிர் இருக்கையில் ஒரு அக்காவும் தம்பியும். மடியில் அவர்கள் சேர்ந்து செய்த படம்: பால்மா ரின் மூடிகள், சேலைத் துண்டுகள், நடுவே மினுங்கும் மணிகளில் ‘தமிள் வாள்க’.

“டேய், தமிழின்ர கையில வாளைக் குடுத்திட்டியேடா!” என்று அக்கா திடீரென்று கத்தினாள். “நீ எழுதித் தந்ததைப் பாத்துத்தானே மூண்டு கிழமையா ஒட்டினனான்!”

“நாங்கள் கதைக்கேக்க ளானாதானே, அக்கா.”

“இண்டைக்குக் கண்காட்சியடா!”

“அங்க ஆருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்? கேட்டா, பிழை எண்டு சொல்லாத. டயஸ்போறா எண்டு சொல்லு.”

“அம்மா தமிழ்ப் பள்ளி ரீச்சர். வந்து பாத்தா?”

“வரமாட்டா. கண்காட்சி ஒரு கிழமை தள்ளிப் போட்டுது எண்டு சொல்லிப்போட்டன்.”

“எப்ப சொன்னனீ?”

“நீ முதல் ளானாவை ஒட்டேக்க.”