பேர் ஒட்டாத டப்பாக்கள்

“...அதைத்தாம்மா நானும் கேக்குறேன். பதினோரு வருஷமா இந்த ஸ்டோர்ல குப்பை கொட்டுறேன். மாடியில நாற்காலி யாருக்கு? என் மச்சினனுக்கு. நான் சொல்லித்தான் அவன் வேலைக்கே வந்தான். இப்ப ஜன்னலோரமா உக்காந்து காத்து வாங்குறான். வீட்டுல அவ என்ன சொல்றா தெரியுமா? ‘என் தம்பிக்குச் சாமர்த்தியம் இருக்கு, உங்களுக்கு வாய் இருக்கு’ங்கிறா.”

பம்பு தொழிற்சாலையின் ஸ்டோர் கீப்பர் இப்படிப் பொருமிக்கொண்டிருந்தார். பேக்கிங் பிரிவிலிருந்து ஸ்டோர் வேலை கற்க வந்த அம்மையார் எதிரே நின்றார். மூன்று நாளாகத் திறந்திருந்த அவருடைய நோட்டில் அரைப் பக்கம்கூட நிரம்பவில்லை. அன்று நான்கு மணிக்கு மேனேஜர் இறங்கி வந்து ஏதேனும் ஒரு பொருளைக் கேட்பார். அம்மையார் தனியாக எடுத்துக் கொடுத்துவிட்டால், திங்கட்கிழமை முதல் ஸ்டோர் கீப்பருக்கும் மாடியில் இடம். முன்பு கற்க வந்த இருவரும் தேறாமல் திரும்பியிருந்ததால், இதுவே ஸ்டோர் கீப்பருக்குக் கடைசி வாய்ப்பு.

“எழுதிக்குங்க. பேரிங் எல்லாம்... இருங்க, அதுக்கு முன்னாடி ஒண்ணு. இந்த அலமாரிங்க முன்ன எப்படி இருந்துச்சு தெரியுமா? கல்யாண வீட்டு வாசல் செருப்பு மாதிரி. யாரும் சொல்லலை, நானா மூணு ஞாயித்துக்கிழமை வந்து மொத்தத்தையும் மாத்தி அடுக்கினேன். மேனேஜரே முதுகுல தட்டிக் கொடுத்தாரு. அப்படியே லேபிளை எல்லாம் கிழிச்சுப் போட்டேன். ஏனா? லேபிள் இருந்தா வர்றவன் போறவன் எல்லாம் எடுத்துக்குவான், அப்புறம் என்னை யாரு தேடுவா? இப்ப ஒரு வாஷர் வேணும்னாலும் ‘அண்ணே’னு வந்து நிக்கணும். என் மச்சினன் இருக்கானே, தன் வேலையைப் பூரா எழுதி மெஷின் மேலயே ஒட்டி வச்சான், அசடு. அடுத்த மாசமே அந்த இடத்துக்கு வேற ஆளு வந்துட்டான். இவனை மாடிக்கு அனுப்பிட்டாங்க. எல்லாம் நேரம்மா, நேரம்.”

தானாக முன்வந்து உழைப்பது உயர்ந்த குணம், அதில் ஐயமில்லை. ஆனால், வாசல் விடாமல் நான்கு சுவரையும் எழுப்பிய கொத்தனார் ஒருவர், உள்ளே நின்றபடியே ‘என்ன நேர்த்தி’ என்று தம் சுவரைத் தடவிப் பார்த்தாராம். நண்பர்களே, கட்டுங்கள், நீங்கள் வெளியே வர ஒரு வாசலும் விட்டுக் கட்டுங்கள்.

“பேரிங்கா? கீழ் வரிசை, மூணாவது டப்பா. எழுதாதீங்க, மனசுல வச்சுக்குங்க. ஆயில் சீல் மட்டும் கேக்காதீங்கம்மா. எல்லாத்தையும் சொல்லிட்டா எனக்குன்னு என்ன மிச்சம்? எங்க விட்டேன்... ஆங், என் மச்சினன்...”

மேனேஜர் வந்து நின்றார். “அம்மா, ஒரு பேரிங் எடுங்க.”

அம்மையார் தயங்காமல் கீழ் வரிசைக்குப் போய்க் குனிந்தார். மூன்றாவது டப்பாவை அவர் விரல் தொடுவதற்குள், குறுக்கே ஒரு கை பாய்ந்தது. பேரிங் மேனேஜரின் உள்ளங்கையில் இருந்தது.

“நான் அம்மாவைத்தானே கேட்டேன்?”

“அதனால என்ன சார், அவங்க குனிஞ்சு நிமிர்றதுக்குள்ள...”

மேனேஜர் பேரிங்கோடு படியேறிப் போனார். அம்மையார் பேனாவை மூடினார், நோட்டை மூடினார், சந்தடியின்றி பேக்கிங் பிரிவை நோக்கி நடந்தார்.

ஸ்டோர் கீப்பர் டப்பாவை அதன் இடத்தில் அங்குலம் பிசகாமல் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

“பாத்தீங்களா வேகத்தை? கண்ணைக் கட்டி விட்டாலும் எடுப்பேன். நான் இல்லாம இந்த ஸ்டோர் ஒரு நாள் ஓடுமா? நீங்களே சொல்லுங்கம்மா... அம்மா?”