அடைத்த பொந்து

— மணி பத்தரை ஆச்சு, கிராணி ஐயா. விடிஞ்சதும் ஆம்பளைப் பறவை வந்து ஊட்டிட்டுப் போயிருக்கணும். இன்னும் வரல.

— வரும், ராமு. சத்தம் போடாதை. மனுசர் நிண்டால் கிட்ட வராது.

— மூணு நாளாவே வரல ஐயா.

— அதை ஏன் என்னட்டை முந்தியே சொல்லேல்லை? இவளைக் கூட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டன்.

— முந்தாநேத்து பாசார்ல உங்களப் பாத்தப்ப எனக்கே தெரியாதுலா. பொறவுதான் இங்க வந்து பாத்தேன்.

— இஞ்சருங்கோ, நீங்கள் ரெண்டு பேரும் என்ன குசுகுசுக்கிறியள்? பொந்து எங்கை? எனக்கு மரம் மட்டுந்தான் தெரியுது. இது மரமோ, கோயில் கோபுரமோ?

— அண்ணாந்து பாருங்கக்கா. முதல் கிளைக்குக் கீழ ஒரு வெடிப்பு. மஞ்சளாத் துருத்திக்கிட்டு இருக்குல்ல? பொம்பளைப் பறவையோட மூக்கு அது. மலாய்க்காரங்க எங்காங்னுவாங்க, நம்மாளுக இருவாச்சின்னுவாங்க.

— ஓமோம், ரெட்டைச் சொண்டுக் குருவி! வன்னியிலை எங்கட அப்பு காட்டினவர். ஆனால் இவ்வளவு பெரிசில்லை. பாவம், உள்ளுக்கை ஆர் வைச்சு அடைச்சது?

— யாரும் அடைக்கலக்கா. முட்டையிட உள்ள பூந்து, எச்சத்தையும் மண்ணையும் வச்சு அதுவே வாசலைப் பூசிக்கும். மூக்கு நீட்ட ஒரு கீறல் விட்டுக்கும். ஆம்பளைதான் அத்திப்பழம் கொண்டாந்து ஊட்டணும். அது பறந்து வந்தா ரெக்கைச் சத்தம் ரயிலு வர்ற மாதிரி கேக்கும்.

— வராட்டில்?

— கமலம், காணும். பார்த்தாச்சுத்தானே. வா, இறங்குவம். பஸ்ஸைத் தவறவிட்டால் தெலுக் பாஹாங்கிலை வெயிலுக்கை நிக்கவேணும்.

— வாசலிலை நிண்டுகொண்டு போவம் போவம் எண்டுறியள். குயின் ஸ்ட்ரீட் மாடியிலை நான் அடைஞ்சு கிடக்க, "உன்னைப் போல ஒருத்தி எங்கட காட்டிலை இருக்கிறாள், காட்டுறன்" எண்டு ஆசை மூட்டினது ஆர்? முழங்கால் நோ, முழங்கால் நோ எண்டு நாள் கடத்தினம். இப்ப நோவும் இல்லை.

— திரும்பவும் நோக முந்தி இறங்குவம் எண்டுதான் சொல்லுறன்.

— நோகாது. முந்தநாள் நீங்கள் கொண்டுவந்து தந்த எண்ணெய் அப்பிடி. மணம் சேலையை விட்டுப் போகுதில்லை. ஆனால் ரெண்டு இரவு பூச, மலையே ஏறிட்டன். கனகேஸ்வரி அக்காவும் ஒரு போத்தல் கேக்கிறா. என்ன எண்ணெய் எண்டால்தான் இவர் வாய் திறக்கிறாரில்லை, ராமு.

— குடையை எடு, ராமு.

— ஐயா, குஞ்சு கத்துது.

— ஓம், கேக்குது! தம்பி, ஏறி அந்தப் பூச்சை உடைச்சுவிடு.

— உடைச்சா செத்துரும்க்கா. உள்ள போனதும் ரெக்கை எறகெல்லாம் உதுத்துட்டு உக்காந்திருக்கு. வெளிய வந்தா நேரா கீழதான்.

— அப்ப நாங்கள் பழம் குடுப்பம்.

— ஏணி கட்டணும். கட்டுறதுக்குள்ள...

— கட்டு! என்ன பார்க்கிறாய்? இஞ்சருங்கோ, நீங்களும் சொல்லுங்கோவன்.

— ஏணி கட்ட மரம் வெட்டவேணும். இது அரசாங்கம் அடைச்ச காடு. கந்தோரிலை கிளாக்கரா இருந்து மரம் வெட்டப் பாஸ் எழுதுற நானே வெட்டினால் என்ர வேலை என்னாகும்?

— சரி. அப்ப இதைச் சொல்லுங்கோ. வரேக்கை அத்திமரத்தடியிலை ஒரு இறகு பொறுக்கினன். கறுப்பிலை வெள்ளைப் பட்டை. வடிவாயிருக்கெண்டு சேலையிலை சொருகினன். இப்பதான் பார்க்கிறன், காம்பிலை ரத்தம்.

— அதைக் கீழ போடு, கமலம்.

— ஆர் சுட்டது?

— எனக்கெப்படித் தெரியும்?

— காவல்காரனுக்குத் தெரியாதோ? ராமு, என்னைப் பார். துவக்குச் சத்தம் கேக்கேல்லையோ உனக்கு?

— அக்கா... நான்...

— பாருங்கோ, முழிக்கிறான். இந்தக் காட்டுக்கை துவக்கோட திரியுறவன் இவன் ஒருத்தன்தானே!

— விடு, கமலம். பிறகு விசாரிக்கலாம்.

— என்ன விடுறது? உள்ளுக்கை தாயும் பிள்ளையும் வயிறு காயுது. நீங்கள் துரையிட்டைச் சொல்லாட்டில் நானே போய்ச் சொல்லுவன்.

— நீ போகவேண்டாம். நானே சொல்லுறன். நாளைக்குக் காலமை. ராமு, துவக்கை ஒப்படைச்சிட்டுப் போ.

— பரமநாதன் ஐயா! நீங்களா சொல்றீங்க?

— நான்தான். காவலுக்குத் தந்த துவக்கு. அதாலை சுட்டது குற்றம்.

— எனக்குப் பிள்ளைங்க இருக்குதுலா, ஐயா.

— அதுக்கும் பிள்ளை இருக்கு, தம்பி. மேலை கத்துதே, அது ஆரின்ர பிள்ளை?

— சரிக்கா. நான்தான் சுட்டேன். இந்தக் கூட்டோட ஆம்பளைன்னு தெரிஞ்சிருந்தா கை வச்சிருக்க மாட்டேன். கறியத் தொடல, பொதைச்சுட்டேன். கொழுப்ப மட்டும் உருக்கி எடுத்தேன்.

— கொழுப்போ? அது என்னத்துக்கு?

— ராமு! வாயை மூடு!

— அக்கா, முட்டி இப்ப வலிக்குதா?